கீமோ நாட்களில் காய்ச்சல்: டாக்டரிடம் முன்பே கேளுங்கள்

கீமோ (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள்: "டாக்டர், ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் போடுவது, எங்கே போவது?" பினாங்கில் நம் வீடுகளில் உடம்பு சுட்டால் பனடோல் போட்டுப் படுத்துவிடுவது வழக்கம். கீமோ நாட்களில் அது ஆபத்து. மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடலாம். பனடோல் சூட்டை மறைக்குமே தவிர, தொற்றை நிறுத்தாது.

தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸ் காட்டினாலோ, காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நுழைந்ததும் "கீமோ எடுக்கிறேன்" என்பதையும் கடைசியாக மருந்து ஏற்றிய தேதியையும் முதலில் சொல்லுங்கள். லிட்டில் இந்தியாவில் வாங்கிய நாட்டு மருந்து குடித்திருந்தால், டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து மறைக்க வேண்டாம். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையையே மாற்றிவிடும்.