காணும் பொங்கலன்று சோளம் சுடுதல்

வாங்குபவர் பச்சைப் பொருளைத் தம் கையாலேயே பொறுக்கி எடுத்து, அது வேகும் நேரம் முழுவதும் அருகில் நின்று பார்த்து, நெருப்பிலிருந்து எடுத்த உடனே சுடச்சுடப் பெற்றுக்கொள்ளும் உணவுத் தொழில்கள் மிகச் சிலவே. கரித் தணலில் சோளக்கதிர் சுட்டு விற்பது அவற்றில் ஒன்று. மெரினா கடற்கரையில் என் சித்தி வைத்திருந்த வண்டியில் கல்லூரி நாட்களில் உதவிக்கு நின்றேன். பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டாலும், காணும் பொங்கலன்று மட்டும் இன்றுவரை அந்த வண்டியருகில் நின்று வருகிறேன். இந்தத் தொழிலின் நேர்மை முழுவதும் வாங்குபவரின் கண் முன்னே நடக்கிறது என்பதையும், பெருங்கூட்டம் கூடும் நாளில்தான் அதைக் காப்பது கடினம் என்பதையும் அங்கே நின்றுதான் அறிந்துகொண்டேன்.

தை மூன்றாம் நாள் சென்னையும் சுற்றுப்புறமும் கடற்கரைக்கு வந்துவிடும். காலையிலேயே புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு வருபவர்கள் மணலில் இடம் பிடிப்பார்கள். மதியத்துக்குப் பின் காமராசர் சாலையில் நடப்பதே அரிதாகிவிடும். கடலில் இறங்காதபடி காவல்துறையினர் தடுப்புகள் அமைத்திருப்பார்கள். காணாமல் போனால் கண்டுபிடிக்க வசதியாகப் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் குழந்தைகளின் கையில் கட்டிவிடுவார்கள். குளிக்க வழியில்லாத கூட்டம் மணலில் உட்கார்ந்து பேசும், விளையாடும், எதையாவது வாங்கித் தின்னும். மாலை நான்கு மணிக்கு மேல் வண்டியைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தால், நூறு கதிரை முன்பே சுட்டு அடுக்கிவைத்தால் என்ன என்று எவருக்கும் தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சிலர் காலையிலேயே வேகவைத்து எடுத்து வந்து, கேட்டவுடன் தணலில் இரண்டு புரட்டுப் புரட்டி நிறம் ஏற்றித் தருகிறார்கள். அவர்களை நான் பழிக்கவில்லை, ஒரு நாள் வருமானத்தில் ஒரு மாத வாடகை அடங்கியிருக்கிறது. ஆனால் சுட்டு வைத்த கதிர் கால் மணி நேரத்திலேயே ஈரம் இழந்து, மணிகள் சுருங்கி, தோல் தடித்துப் பல்லில் இழுபடும். வேகவைத்த கதிரிலோ புகைமணம் மேலோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. சித்தி ஒருநாளும் முன்கூட்டிச் சுட்டதில்லை. "நிக்கறவங்க நெருப்பைப் பாத்துக்கிட்டு நிக்கட்டும்டா, பாக்கறதுக்கும் சேத்துத்தான் காசு குடுக்கறாங்க" என்பார்.

கதிரைத் தேர்ந்தெடுப்பதில் பாதித் தொழில் முடிந்துவிடுகிறது. பெரம்பலூர், அரியலூர்க் கரிசல் நிலங்களில் மழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி நன்கு முற்றிக் காய்ந்து, நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போய்ச்சேர்கிறது. நமக்கு வேண்டியது அது காய்வதற்கு நெடுநாள் முன்பு பச்சையாக ஒடிக்கப்படும் கதிர். ஐப்பசியின் பிற்பகுதியில் விதைத்தவை தை பிறக்கும்போது சரியான பக்குவத்துக்கு வருவதால், பொங்கலும் கதிரும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. முனையில் நார் காய்ந்து பழுப்பேறியிருக்க வேண்டும், மேல்தோல் மட்டும் பச்சை மாறாமல் இருக்க வேண்டும். தோலை விலக்கி நடுவிலுள்ள ஒரு மணியில் நகத்தை அழுத்தினால் பால் பீறிட்டால் அது இளசு, வேகவைக்க ஏற்றது. பால் கெட்டியாகிக் கூழாக வந்தால் சுடுவதற்கு அதுதான் தக்க நிலை. ஒன்றுமே வராவிட்டால் அது முற்றல், எவ்வளவு சுட்டாலும் தாடைதான் வலிக்கும். ஸ்வீட் கார்ன் என்று விற்கப்படும் ரகத்தில் சர்க்கரை மிகுதியாக இருப்பதால் தணலில் மேல்பக்கம் சீக்கிரம் கருகிவிடுகிறது, உள்ளே வெந்திருக்காது. அதை ஆவியில் வேகவைத்து வெண்ணெய் தடவி விற்பவர்களே சரியாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஒடித்த கதிரில் இருக்கும் சர்க்கரை வெயிலில் விரைவாக மாவுச்சத்தாக மாறும். ஆகவே காணும் பொங்கலுக்கான கதிரை மலிவாகக் கிடைக்கிறது என்று முன்பே வாங்கிக் குவிப்பதில் பயனில்லை. முதல்நாள் இரவு கோயம்பேட்டில் இறங்கும் மூட்டையை வாங்கி, தோலை உரிக்காமல், நனைத்த சாக்கு போர்த்தி நிழலில் வைப்பதே வழி. 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் பரவியபின், மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசுவது இயலாததாகிவிட்டது. குருத்தைத் தின்னும் புழு கதிரின் முனையிலும் புகுந்துவிடுவதால், உழவர்கள் பட்ட இழப்போடு ஒப்பிட நம் இழப்பு சிறிதென்றாலும், ஒரு மூட்டையில் ஒதுக்க வேண்டிய கதிர்கள் கூடின.

கரி இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சீமைக்கருவேலங்கரி. விறகை அடுக்கி மண்ணால் மூடி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் மூட்டம் போட்டு எடுக்கும் அந்தக் கரியில், நன்றாக வெந்ததைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். சரியாக வேகாதது புகையும், கண்ணை எரிக்கும், கதிரில் கசப்பை ஏற்றும். கொட்டாங்குச்சித் துண்டுகளை வைத்துப் பற்றவைத்து, மேலே மெல்லிய சாம்பல் பூத்த பிறகுதான் கதிரை வைக்க வேண்டும்.

கடற்கரையில் அதைவிடப் பெரிய கவனம் காற்றின்மீது இருக்க வேண்டும். பகல் ஏறியபின் கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்றில் விசிறிக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை, தணலைத் தூண்டுவதைவிட அடக்கிவைப்பதே வேலை. ஆகவே வண்டியின் கடல்பக்கத்தில் உயரமான தகரத் தடுப்பு வைத்து, வாங்குபவர்களைக் கடல்பக்கமும் சுடுபவரைச் சாலைப்பக்கமும் நிறுத்துவோம். அப்போது புகையும் பொறியும் சுடுபவர் பக்கமே வரும். அந்த நாளில் புதுப் பாவாடையும் பட்டுச்சட்டையுமாக எத்தனையோ குழந்தைகள் வண்டியோரம் நிற்பார்கள், ஒரு பொறி போதும். மணி வெடிக்கும்போதும் சிறு கங்கு தெறிப்பதுண்டு. வண்டியை எப்படியோ நிறுத்திவிட்டு எதிரே நிற்பவர்கள்மீது புகை அடிக்க விடுபவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கண் எரிவது சுடுபவரின் பங்கு, அதை வாங்குபவரிடம் தள்ளிவிடக் கூடாது.

நான் மிகவும் மதிக்கும் திறமை ஒன்று இந்தத் தொழிலில் இருக்கிறது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது புலப்படாது. வண்டியில் ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கதிர்கள் தணல்மேல் கிடக்கும். ஒவ்வொன்றையும் ஒருவர் குவியலைக் கிளறி, தோலை விலக்கி, மணிவரிசையைப் பார்த்துத் தமக்கென்று எடுத்துக் கொடுத்திருப்பார். அவர் எடுத்த கதிரே அவரிடம் திரும்பிப் போக வேண்டும். அளவில் பெரியதாக இருந்தாலும் வேறொன்றைக் கொடுத்தால் அவர் முகம் மாறிவிடும், அது நியாயமும்கூட. இதற்காகச் சித்தி ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். வந்த வரிசைப்படி இடமிருந்து வலமாகக் கதிரை வைப்பார். புரட்டும்போது இடம் மாற்றமாட்டார், இருந்த இடத்திலேயே உருட்டுவார். ஒரு குடும்பத்துக்குரிய மூன்று நான்கு கதிர்களின் காம்புகளை ஒரு திசையிலும், அடுத்த குடும்பத்துக்குரியவற்றை எதிர்த் திசையிலும் வைத்துப் பிரித்துக்கொள்வார். காரம் போட வேண்டாதவருக்கு மேல்தோலின் ஓர் இதழைக் காம்பில் முடிச்சிடுவார். தணல் எல்லா இடத்திலும் ஒரே சூட்டில் இராது என்பதால், கதிரை நகர்த்தாமல் தணலையே இடுக்கியால் நகர்த்துவார். வாயால் விலை சொல்லிக்கொண்டும், கையால் சில்லறை எண்ணிக்கொண்டும் இவ்வளவையும் நினைவில் வைத்திருந்த ஒருவரைப் படிக்காதவர் என்று யாரும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

பூசுவதிலும் ஆளறிய வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த கிண்ணத்தில் எலுமிச்சை மூடியைத் தொட்டு, காம்பிலிருந்து நுனிவரை அழுத்தித் தேய்க்கும்போது சாறு சூட்டில் ஆவியாகி எழும் மணமே அடுத்த நான்கு பேரை அழைத்துவந்துவிடும். ஒரே மூடியால் பல கதிர்களைத் தேய்த்தால் சாறு கறுத்துக் கசக்கும், அவ்வப்போது மூடியை மாற்றியாக வேண்டும். பல் இல்லாத பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கென்று இளங்கதிர் சிலவற்றைத் தனியே எடுத்துவைப்பது எங்கள் வண்டியின் வழக்கம். மிதமாகச் சுட்டு, கட்டைவிரலால் ஒரு வரிசையைப் பெயர்த்துவிட்டால் அடுத்த வரிசைகள் எளிதாக உதிரும், உதிர்த்த மணிகளைக் காகிதத்தில் மடித்துத் தரலாம். "எனக்கு எதுக்குப்பா" என்று மறுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு மணியாக வாயில் போட்டுச் சுவைத்தவர்கள் பலர்.

விலையைப் பொறுத்தவரை, கூட்டம் சேரும் நாளில் இருமடங்கு ஆக்குவதை நான் ஏற்பதில்லை. சந்தையில் மூட்டை விலை கூடியிருந்தால் அந்த அளவுக்கு ஏற்றுவது வேறு. திருவள்ளூரிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ ஆண்டுக்கொரு முறை வரும் குடும்பத்துக்கு இன்னும் எத்தனையோ செலவு இருக்கிறது. மாலையில் அத்தனை பேரின் கைபேசிகளும் ஒரே இடத்தில் சேர்வதால் ஜிபே வேலை செய்யாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், சில்லறை நிறைய வைத்திருந்தவரே அன்று வியாபாரம் செய்வார். பணம் போகவில்லை என்று தவிப்பவரிடம் கதிரைக் கொடுத்து, பிறகு தாருங்கள் என்று அனுப்பியதில் பெரும்பாலானவர்கள் இருட்டியபின்னும் தேடிவந்து கொடுத்திருக்கிறார்கள்.

இரவில் செய்ய வேண்டிய வேலைதான் மிகப் பொறுப்பானது. உரித்த தோலைச் சாக்கில் கட்டிவைத்தால் மாடு வளர்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், தின்றுபோட்ட கட்டைகளைப் பொறுக்கித் தொட்டியில் போடலாம். தணலை அப்படித் தள்ளிவிட முடியாது. மணலில் கொட்டினால் அணைந்ததுபோல் தெரியும் கங்கு, மேலே மணல் மூடியதும் உள்ளே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். வெறுங்காலோடு ஓடும் குழந்தை அதில் மிதித்தால் பாதம் வெந்துவிடும். ஆகவே இரும்புச் சட்டியிலேயே தண்ணீர் ஊற்றி, சீறல் அடங்கும்வரை கிளறி, கையால் தொட்டுப் பார்த்த பிறகே சாம்பலை அகற்ற வேண்டும். குடிநீரே விலைக்கு வாங்கும் இடத்தில் இதற்கான தண்ணீரைக் கடலிலிருந்து குடத்தில் சுமந்து வர வேண்டியிருக்கிறது, அதுவும் தடுப்புகள் இருக்கும் நாளில் அனுமதி கேட்டு.

தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது, விற்பதற்கு இடம் கிடைப்பது பற்றி இப்போது பேச முடிகிறது. காணும் பொங்கல் ஏற்பாடுகளில் கண்காணிப்பு மேடைக்கும் நடமாடும் கழிப்பறைக்கும் இடம் ஒதுக்குவதுபோல, சுடுவண்டிகள் நிற்கும் பகுதியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் சாம்பல் கொட்ட இரும்புப் பீப்பாய்களும் மாநகராட்சி வைத்துத் தந்தால், நெருப்போடு தொழில் செய்யும் எவரும் தணலை மணலில் கொட்டிவிட்டுப் போக வேண்டிய தேவை இராது. வரும் தைக்கு முன் இதை மனுவாக எழுதிக் கொடுக்க, பக்கத்து வண்டிக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.