டப்பா நிழலில் இருக்கிறதா?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவின் உடலில் வோல்பாக்கியா பாக்டீரியா இயல்பாக இருப்பதில்லை. அதனால் இட்டு ஓரிரு மணி நேரமே ஆன முட்டையின் பின்முனையில் நுண்ணூசியால் அதைச் செலுத்துகிறார்கள். இனச்செல்கள் உருவாகும் இடம் அது. நேரம் தப்பினால் பாக்டீரியா அடுத்த தலைமுறைக்குப் போகாது. நிலைத்துவிட்டாலோ, தாய்க்கொசுவே முட்டை வழியாகக் கடத்திவிடும். வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டை பொரியாது. இப்படி அது கொசுக்கூட்டம் முழுவதும் பரவும். பரவிய கொசுக்களில் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது.

இந்தக் கொசுக்களின் முட்டைகளைத் தண்ணீர் டப்பாக்களில் வைத்து ஊருக்குள் பொரியவிடுகிறோம். களத்தில் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் முட்டையிலும் டப்பாவிலும்தான். கொசு முட்டையிட்ட தாளை உடனே காயவிடக் கூடாது. இரண்டு மூன்று நாள் ஈரத்தில் வைத்து, கரு முதிர்ந்த பிறகே மெல்ல உலர்த்த வேண்டும். நெடுநாள் இருப்பு வைப்பதும் ஆபத்து. டபிள்யூஆல்ப்-பி என்ற வோல்பாக்கியா வகையில் பல வாரம் காய்ந்து கிடந்த முட்டைகள் சரியாகப் பொரியாது. பொரித்து வரும் பெண்களிலும் பல மலடாகிவிடும்.

டப்பாவுக்குள் தண்ணீர், மீன் தீவனம், முட்டைத் தாள், அவ்வளவுதான். தீவனம் கூடினால் நீர் கெட்டுப் புழுக்கள் சாகும். குறைந்தால் கொசு சிறுத்துப் பிறக்கும். எறும்பு ஏறாமலும் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம்விட மோசமானது வெயில். பழ ஈயிலிருந்து எடுத்த டபிள்யூமெல் வகை, தினமும் 26 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் நீரில் வளரும் புழுக்களில் வெகுவாகக் குறைந்துவிடும். கொசு நன்றாகவே பறக்கும், உள்ளே பாக்டீரியாதான் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்புக்காகவே நிழலை இவ்வளவு வற்புறுத்துகிறோம். வெப்பம் மிகுந்த ஊர்களுக்கு டபிள்யூஆல்ப்-பி பொருத்தமானது.

ரியோ டி ஜெனிரோவில் முதல் முயற்சி வேறு காரணத்தால் தோற்றது. வளர்ப்புக் கொசுக்களுக்குப் பூச்சிக்கொல்லியைத் தாங்கும் திறன் இல்லை. உள்ளூர்க் கொசுக்களுக்கு இருந்தது. அந்தத் திறனைக் கலப்பினால் சேர்த்து மீண்டும் விட்டபோது நிலைத்தது. சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா காட்டியது: 24 பகுதிகளில் 12-இல் இந்தக் கொசுக்களை விட்டார்கள், மற்ற பகுதிகளைவிட அங்கே டெங்கு 77 சதவீதம் குறைந்தது.

கொசு விடும் வாரங்களில் பொறியில் சிக்குபவற்றில் வோல்பாக்கியா இருக்கிறதா என்று பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை செய்து மகிழ்ந்துவிடக் கூடாது. அவற்றில் நாமே விட்டவையும் இருக்கும். விடுவதை நிறுத்திய பல வாரங்களுக்குப் பிறகு, அங்கேயே பிறந்த கொசுக்களில் வோல்பாக்கியா உள்ளவற்றின் விகிதத்தைத்தான் நம்பலாம்.