கூடப் பிறந்தது காளையா என்று கேட்டு வாங்குங்கள்

கிடேரி, அதாவது இன்னும் ஈனாத இளம் பசு, வாங்கும்போது நம் ஆட்கள் சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்று விசாரிப்பார்கள். நானும் அத்தனையும் விசாரித்தேன். விற்றவர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். இது இரட்டைக் கன்றில் ஒன்று, கூடப் பிறந்தது காளைக்கன்று என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். அப்படிப் பிறக்கும் கிடேரி பெரும்பாலும் மலடு. தரகருக்கும் அது தெரிந்தே இருந்திருக்கிறது.

ஜெர்சிக் கலப்பினம். தீவனத்தில் குறை வைக்கவில்லை. ஒன்றரை வயதுக்குள் பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு வயது தாண்டியும் பருவத்துக்கு வந்த மாடு போல ஒருமுறைகூடக் கத்தவில்லை, வழும்பு (அறிகுறியாக வடியும் கொழகொழப்பான திரவம்) அடிக்கவில்லை. பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும் என்று கணக்கு வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். கழுத்தும் தோளும் காளைக்குத் திரள்வதுபோல் திரண்டன. காம்புகள் கன்றுக்குட்டிக்கு இருப்பதுபோலவே நின்றுவிட்டன.

சினை ஊசி போட வருபவர் முதலில் தாது உப்புக் கலவை கொடுக்கச் சொன்னார். அடுத்து குடற்புழு மருந்து. அடுத்து பருவத்தைத் தூண்டும் ஊசி. ஒவ்வொரு தடவையும் பணம் வாங்கினாரே தவிர, கையுறை மாட்டி உள்ளே கருப்பை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தடவிப் பார்க்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கறிவேப்பிலை என்று வரிசையாகக் கொடுக்கச் சொன்னார். நல்ல வைத்தியம்தான், ஆனால் அது பருவத்துக்கு வந்தும் சினை நிற்காத மாட்டுக்கு உரியது. பருவமே வராத மாட்டுக்கு அதைக் கொடுத்து என்ன பயன்?

மருத்துவரிடமே காட்டிவிடலாம் என்று குட்டி யானை வண்டி பிடித்து கால்நடை மருந்தகத்துக்கு ஏற்றிப் போனால், அவர் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். “போன் செய்துவிட்டு வரக் கூடாதா?” என்றார் அங்கிருந்த ஊழியர். எந்த எண்ணுக்கு என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. வண்டி வாடகை போனது போனதுதான். முகாம் நடக்கும் நாட்களை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். 1962 என்ற எண்ணில் அழைத்து, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உங்கள் ஊருக்கு வருமா என்றும் கேளுங்கள்.

மறுபடி போனபோது மருத்துவர் இருந்தார். சின்ன வயதுப் பெண். கிடேரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணா, இது இரட்டையில் பிறந்ததா?” பிறப்புறுப்பின் வாயிலில் நீளமான முடிக்கற்றை இருந்ததைக் காட்டினார். எண்ணெய் தடவிய குழாயை அதன் வழியாக மெதுவாகச் செலுத்தினார். கொஞ்ச தூரத்திலேயே முட்டி நின்றது. ஆசனவாய் வழியாகக் கைவிட்டுத் தடவிப் பார்த்தபோது கருப்பை நூலாகத்தான் தட்டுப்பட்டது.

அவர் விளக்கியது இது. வயிற்றில் காளையும் கிடேரியும் சேர்ந்து வளரும்போது பெரும்பாலும் இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தக்குழாய்களும் இணைந்துவிடுகின்றன. காளைக்கருவில் விரை முதலில் உருவாகிவிடும். அதன் ஹார்மோன்கள் இந்தப் பக்கம் வந்து, கிடேரியின் கருப்பையையும் சினைப்பையையும் வளரவிடாமல் செய்துவிடும். இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. கூடப் பிறந்த காளைக்குப் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. இரண்டும் கிடேரியாக இருந்தால் கவலையே வேண்டாம். காளைக்கரு பாதியில் கரைந்துபோய்க் கிடேரி மட்டும் ஒற்றையாகப் பிறந்தாலும் இதே கதி உண்டாம். ஆகவே ஒற்றைக் கன்று என்று சொன்னாலும் பருவ வயதுக் கிடேரியை உள்பரிசோதனை செய்யாமல் வாங்காதீர்கள். உங்கள் வீட்டிலேயே காளையோடு இரட்டையாகக் கிடேரி பிறந்தால், கன்றாக இருக்கும்போதே இந்தக் குழாய்ப் பரிசோதனையைச் செய்துவிடலாம். இரண்டு வருடத் தீவனம் மிச்சம்.

தரகரிடம் காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றேன். மலட்டுச் சான்றுக்குப் படிவமே கிடையாது என்று ஊழியர் கையை விரித்தார். மருத்துவர் அலட்டிக்கொள்ளாமல் மருந்துச் சீட்டிலேயே கண்டதை எழுதி, காதுவில்லையின் 12 இலக்க எண்ணையும் குறித்துக் கையெழுத்துப் போட்டார். அந்த எண்தான் காப்பாற்றியது. ஏனென்றால் தரகர் சீட்டைப் பார்த்ததும், “இது நான் பிடித்துக் கொடுத்த கன்றே இல்லை” என்று சாதித்தார். விலை பேசிய அன்று காதுவில்லை தெரிய எடுத்த படம் என் கைப்பேசியில் இருந்தது. நீட்டினேன். அதற்குப் பிறகுதான் “பேசிக்கொள்ளலாம் வாங்க” என்றார்.

தரகுப் பணம் முழுவதும் திரும்பி வந்தது. விற்றவர் விலையில் பாதியைக் கொடுத்திருக்கிறார். மீதியை ஆடி கழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை கிடேரியை அவிழ்த்துக் கொடுப்பதாக இல்லை.