அப்பா கேட்ட மூன்று படங்கள்

ஜூன் 2, ஞாயிறு

அப்பாவுக்குக் கண்ணில் விழித்திரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். ஏழு நாட்கள். இரண்டு தலையணைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, அதில் அப்பாவின் முகம். கண்ணுக்குள் விட்ட வாயுக் குமிழி மேலே ஏறி, விழித்திரை ஒட்டவேண்டிய இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளுமாம். இரவு முழுக்க அவர் புரண்டுவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 3, திங்கள்

பாட்டு வேண்டாம், செய்தி வேண்டாம், யாரும் வந்து பார்க்கவும் வேண்டாம் என்கிறார். பதினோரு மணிக்கு அவரே ஆரம்பித்தார்.

"அந்த டாலர் படம் மூணையும் போடும்மா."

"எப்படிப்பா பார்ப்பீங்க?"

"நீ பாரு. நான் கேட்டுக்கிறேன்."

எனக்குப் பதினான்கு வயதிலிருந்து எங்களுக்குள் நடக்கும் வழக்கு இது. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி எடுத்த மூன்று கௌபாய் படங்களில் எது பெரிது? அப்பாவுக்கு இரண்டாவது, ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’. எனக்கு மூன்றாவது, ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’. முதல் படத்துக்காக எங்கள் வீட்டில் வாதாட ஆளில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்கினோம்.

‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’, 1964. மொத்தம் 99 நிமிடம். நடுவில் எழுப்பி, குனிந்த தலையோடு கூடத்தில் நடக்க வைத்து, சொட்டு மருந்து விட்டு, மறுபடி படுக்க வைத்து, முடிக்கும்போது மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. டைட்டில் இசையில் விசில், சாட்டை அடி, மணி. பார்த்துக்கொண்டு கேட்கும்போது அந்தச் சாட்டை இவ்வளவு கிட்டத்தில் விழுந்ததில்லை. விசில் அலெஸ்ஸாண்ட்ரோனி அடித்தது. இசையமைப்பாளர் மோரிகோனேயும் லியோனியும் ரோமில் ஆரம்பப் பள்ளியில் ஒரே வகுப்பு. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அப்பாதான். இன்று நான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். புதிதாகக் கேட்பதுபோல "ம்" கொட்டினார்.

தன் கோவேறு கழுதையைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் போகும் வழியில், மூன்று படத்துக்கும் நாயகனான கிளின்ட் ஈஸ்ட்வுட் சவப்பெட்டி செய்யும் கிழவரிடம் மூன்று பெட்டி தயார் செய்யச் சொல்கிறான். திரும்பி வரும்போது, தப்பாகிவிட்டது, நான்கு என்கிறான். அப்பா தலையணைக்குள்ளிருந்தே அந்த வசனத்தைக் கூடவே சொன்னார்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’ கதையை அனுமதி வாங்காமல் எடுத்தது பற்றி அவருக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. அந்தப் படத்தின் தோஹோ நிறுவனம் வழக்குப் போட்டு, கடைசியில் வசூலில் 15 சதவீதம் கொடுத்துத் தீர்த்தார்கள். அப்பா முப்பத்தோரு வருடம் வங்கியில் கேஷியராக இருந்தவர். "கடன்னா கடன்னு எழுதிடணும்மா. அப்புறம் எவ்வளவு நல்லா எடுத்திருந்தாலும் ஒரு நெருடல் இருந்துக்கிட்டேதான் இருக்கும்." அந்த நெருடல் எனக்கு இல்லை. கதை ஜப்பானிலிருந்து வந்தது. அந்த முகமும் அந்த இசையும் அங்கிருந்து வரவில்லை.

ஒரே ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். மரிசோலையும் அவள் கணவனையும் குழந்தையையும் காசு கொடுத்து ஊரைவிட்டு ஓடச் சொல்கிறானே, அங்கே. ஏன் இதைச் செய்கிறாய் என்று அவள் கேட்கிறாள். உன்னைப்போல ஒருத்தியை எனக்குத் தெரியும், அன்று உதவ யாருமில்லை என்கிறான். அவ்வளவுதான். யார் அவள், அம்மாவா, அக்காவா, ஒன்றும் சொல்வதில்லை.

"இன்னொரு தடவை போடு."

போட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

தெருவில் எல்லா வீட்டிலும் வாக்கு எண்ணிக்கை. எங்கள் வீட்டில் கழுத்து வலி.

ஜூன் 5, புதன்

இரண்டாவது படம், 1965. 132 நிமிடம்.

அகன்ற வெட்டவெளியில் தூரத்தில் ஒருவன் குதிரையில் வருகிறான். எங்கிருந்தோ ஒரு விசில். ஒரே வெடி. விழுகிறான். யார் சுட்டது என்று தெரியாது. உடனே டைட்டில். "ட்டொய்ங்" என்று அந்தக் கருவி. அப்பாவின் வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியபடி தாளம் போட்டது.

"மோர்சிங்."

ஆமாம், மோர்சிங்கேதான். கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதே வகைக் கருவி, அங்கே அல்மெரியா பாலைவனத்தில். இத்தனை வருடம் அதை வெறும் கௌபாய் சத்தம் என்றே நினைத்திருந்தேன்.

நான் வர்ணிக்கத் திணறினேன். லீ வான் கிளீஃப் நடித்த கர்னல் மார்ட்டிமர் சுருளைப் பிரித்து விதவிதமான துப்பாக்கிகளைக் காட்டும் இடம், ராத்திரித் தெருவில் அவரும் ஈஸ்ட்வுட்டும் மாறி மாறித் தொப்பியைச் சுடும் இடம். "இப்ப இவர் அவன் தொப்பியைச் சுடறார். மறுபடி சுடறார். தொப்பி கீழே இறங்கவே மாட்டேங்குது" என்றேன். "தெரியும். லீ வான் கிளீஃப் முகத்தை மட்டும் சொல்லு" என்றார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? பருந்து என்றேன். திருப்தி இல்லை அவருக்கு. விபத்தில் முழங்கால் உடைந்து, வாய்ப்பில்லாமல், ஓவியம் வரைந்துகொண்டிருந்த மனிதரைத் தேடிப் போய் லியோனி கூட்டிவந்தார். அந்த முகத்தில் இருக்கும் காத்திருப்பு நடிப்பு மட்டுமல்ல என்பது அப்பாவின் கட்சி.

பிறகு கடிகாரம்.

கொள்ளைக்காரன் இந்தியோ தன் பாக்கெட் கடிகாரத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சின்ன ராகம். அது நின்றதும் சுட வேண்டும். கடைசியில் கர்னலின் துப்பாக்கி மண்ணில் கிடக்கிறது. இந்தியோ கடிகாரத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். ராகம் மெதுவாகிறது, ஒவ்வொரு சுரமாகத் தளர்கிறது, இதோ நிற்கப்போகிறது. அப்போது எங்கிருந்தோ அதே ராகம் புதிதாகத் தொடங்குகிறது.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு கடிகாரம், இன்னொரு கை, ஈஸ்ட்வுட் வந்துவிட்டான் என்பதெல்லாம் காதிலேயே இருக்கிறது. இந்தக் காட்சியைப் பத்துப் பதினைந்து முறை பார்த்திருப்பேன். இது காதுக்காகச் செய்யப்பட்ட காட்சி என்று இன்றுதான் தெரிந்தது.

இரண்டு கடிகாரத்துக்குள்ளும் ஒரே பெண்ணின் படம். கர்னலின் தங்கை. முதல் படத்தில் ஒரு வரியாக விட்டுப்போனது இங்கே முழுப் படமாக வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அன்று உதவ யாருமில்லை என்றானே, அந்த ஒருத்தி. ஆள் வேறு, கதை வேறு, துக்கம் அதேதான். அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"இதைத்தான் பதினாறு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார்.

கர்னல், கொள்ளையர் தலைக்கு அறிவித்த வெகுமதிப் பணத்தில் ஒரு காசு எடுக்காமல் போய்விடுகிறார். கடைசியில் ஈஸ்ட்வுட் பிணங்களை வண்டியில் ஏற்றி ஒவ்வொருவன் விலையாகக் கூட்டிக்கொண்டு வருகிறான். 27,000 வர வேண்டும். வரவில்லை. கணக்கு உதைக்கிறது. திரும்பிப் பார்த்தால் ஒருவன் உயிரோடு நிற்கிறான். இதுதான் அப்பாவுக்கு உலகத்திலேயே பிடித்த இடம். வங்கியில் மாலை டேலி ஆகாமல் எட்டு மணி வரை உட்கார்ந்த நாட்களைச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது தலை ஆடியது. ஆடக்கூடாது என்று அம்மா ஓடிவந்தார்.

ஜூன் 6, வியாழன்

கண் சிவப்பு நேற்றைவிட அதிகமா, இல்லை எனக்கு அப்படித் தெரிகிறதா? காலையும் மாலையும் போட்டோ எடுத்து வைக்கிறேன். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான், பல வருடமாக. அதனால்தான்.

ஜூன் 7, வெள்ளி

தூக்கமில்லை. மூன்று மணிக்கு அப்பா, "அந்தக் கடிகாரச் சத்தத்தை மட்டும் சின்னதா போடு" என்றார். போட்டேன். ராகம் தளரும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நிறுத்திவிட்டேன். இரண்டாவது கடிகாரம் வரும்வரை விட்டிருக்கலாம்.

ஜூன் 8, சனி

மூன்றாவது படம், 1966. பாதி.

முதல் பத்து நிமிடம் ஒரு பேச்சும் இல்லை. காற்று, நாய், பூட்ஸ். அப்பா பொறுமையாகக் கேட்டார். டூக்கோ என்ற கொள்ளைக்காரன் வாய் திறந்ததும் வீடே நிறைந்துவிட்டது. ஈலை வாலாக்கின் குரல் அப்படி. என் வாதத்தில் பாதி டூக்கோதான். முதல் இரண்டு படத்திலும் இப்படித் திட்டி, அழுது, தின்று, ஏமாற்றி, ஏமாந்து வாழும் ஒரு மனிதன் இல்லை. பாதிரியாரான அண்ணனைப் பார்க்கப் போகிறான். அம்மாவும் அப்பாவும் இறந்துபோன செய்தி அங்கேதான் தெரிகிறது. சண்டை. வெளியே வந்து வண்டியில் ஏறியதும், என் அண்ணன் என்மேல் உயிரையே வைத்திருக்கிறான், வயிறாரச் சாப்பாடு போட்டான் என்று அளக்கிறான். எல்லாவற்றையும் ஒளிந்து கேட்ட ஈஸ்ட்வுட் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் சுருட்டை நீட்டுகிறான். சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல சுருட்டு மாதிரி வருமா என்கிறான்.

அப்பா: "சரி. இது பெரிய இடம். ஒத்துக்கிறேன்."

பதினாறு வருடத்தில் முதல் முறை.

சிறைமுகாம் காட்சியை முடிக்கவில்லை. உள்ளே டூக்கோவை அடிக்கிறார்கள். அலறல் வெளியே கேட்காமலிருக்க, கைதிகளை வாசிக்க வைக்கிறார்கள். திரையில் பார்த்தால் வாசிப்பவர்களின் கண்ணீர் தெரியும். இங்கே பாட்டும் அடியும் மட்டும், ஒன்றின் கீழ் ஒன்றாக. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "நிறுத்திடு, போதும்" என்றார். நிறுத்தினேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஏழாவது நாள். காலையிலேயே மிச்சத்தைப் போடச் சொன்னார். அம்மாவும் வந்து உட்கார்ந்தார்.

பாலம் வெடித்தது. அதை இரண்டு முறை வெடித்தார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். முதல் முறை சைகையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, கேமரா ஓடாதபோதே வெடித்துவிட்டார்கள். ஸ்பெயின் ராணுவத்தார் மறுபடி கட்டிக் கொடுத்தார்கள்.

பாலத்துக்கு அப்புறம் இடிந்த தேவாலயத்தில் ஒரு பையன் செத்துக்கொண்டிருக்கிறான். குளிரில் நடுங்குகிறான். ஈஸ்ட்வுட் தன் நீளக் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தி, தன் சுருட்டைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுக்க வைக்கிறான். பையன் போய்விடுகிறான். அங்கே கிடந்த போஞ்சோவை, தலைவழியாக மாட்டும் போர்வையை, எடுத்துக்கொள்கிறான். முதல் படத்தில் அவன் போட்டு வந்த அந்தப் போஞ்சோ. கதைப்படி மூன்றாவதுதான் முதலில் நடந்தது என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

அம்மா அதுவரை எந்தப் படம் பெரிது என்று வாயே திறந்ததில்லை. "கோட்டு குடுத்தான் பாரு, அது எந்தப் படமோ அதுதான் நல்ல படம்" என்றார். முதல் படத்தில் ஒரு வரி, இரண்டாவதில் ஒரு கடிகாரம், மூன்றாவதில் ஒரு கோட்டு. நானும் அப்பாவும் எத்தனையோ வருடம் சண்டை போட்டோம், அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு கல்லறை. ஸ்பெயினில் சாண்டோ டொமிங்கோ டி சிலோஸ் பக்கத்தில், படத்துக்காகவே ராணுவத்தார் குவித்த ஐயாயிரம் மண்மேடுகள். பிறகு புல் மூடிக் கிடந்ததை 2015-இல் ரசிகர்கள் மண்வெட்டியோடு போய்த் தோண்டி, நடுவிலிருக்கும் கல்வட்டத்தை வெளியே கொண்டுவந்தார்கள். அப்பாவைக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. குமிழி இருக்கும்வரை விமானம் ஏறக்கூடாது.

டூக்கோ ஓடுகிறான். எட்டா டெல்லோர்சோவின் குரல், வார்த்தையே இல்லாமல் மேலே மேலே போகிறது. "ஓடறான், இன்னும் ஓடறான்" என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த மூன்று பேர் வட்டத்தில் வந்து நின்றபோது திணறிப்போனேன். நிமிடக்கணக்கில் பேச்சில்லை.

"சொல்லு."

"கண்ணுப்பா. இப்போ கை. இப்போ இன்னொருத்தர் கண்ணு. ரொம்பக் கிட்டத்துல. மறுபடி கை. மறுபடி கண்ணு."

"யாரு கண்ணு?"

"டூக்கோ. அங்க இங்க பார்க்கறான்."

"ம்."

"இப்ப வான் கிளீஃப். கண்ணு மட்டும்."

"ம். சொல்லிக்கிட்டே இரு."

சொல்லிக்கொண்டே இருந்தேன். குரல் உடைந்தது. அம்மா என் முதுகில் கை வைத்தார்.

ஜூன் 10, திங்கள்

காலை ஒன்பது மணிக்குச் சொல்லி, பன்னிரண்டரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கை அசைவது தெரிகிறது. எத்தனை விரல் என்பது தெரியவில்லை. குமிழி கரையக் கரையத்தான் தெரியும் என்றார் டாக்டர். ஒட்டியிருக்கிறது என்றும் சொன்னார். ஒட்டியிருக்கிறது. ஆட்டோவில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்னும் ஐந்து நாள் கவிழ்ந்து படுக்க வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

மேலே ஒரு கோடு தெரிகிறதாம். தலையை அசைத்தால் தண்ணீர்மட்டம் போல ஆடுகிறதாம். கோட்டுக்கு மேலே கொஞ்சம் தெளிவாக இருக்கிறது என்கிறார். ஜன்னல் கம்பியை எண்ணப் பார்த்தார். நான் எண்ணவிடவில்லை. அதற்கு ஏன் அவ்வளவு பயந்தேன்?

வழக்கில் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டார். மூன்றாவதுதான் என்றேன், ஆனால் அந்தக் கடிகாரம் மூன்றாவதில் இல்லை என்றேன். அவர் டூக்கோவின் அண்ணன் இரண்டாவதில் இல்லையே என்றார். ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. பழையபடி சண்டை போடுங்கள் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

இரண்டாவது படம் மறுபடியும். எல் பாசோ வங்கிக் கொள்ளை வரை வந்திருக்கிறோம். பத்து நிமிட இடைவேளை. அப்பா கூப்பிடுகிறார்