"விஷன் நார்மல்" என்றால் செல்லாது: எல்லைப்புறத்திலிருந்து கேரள ஃபயர் ஃபோர்ஸ் தேர்வு

டாக்டர் எழுதிக் கொடுத்தது இரண்டே சொல்: விஷன் நார்மல். அந்த இரண்டு சொல்லுக்காக மறுபடி ஒரு பஸ், மறுபடி ஓபி சீட்டு, மறுபடி அரை நாள் வரிசை. ஆகவே கேரள பிஎஸ்சி (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ ஆபீசர் (டிரெய்னி) தேர்வுக்குப் போகிறவர்கள் முதலில் இதைப் படித்துக்கொள்ளுங்கள், ஓட்டப் பயிற்சி அப்புறம்.

மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் அரசு டாக்டரிடம்தான் வாங்க வேண்டும், அசிஸ்டன்ட் சர்ஜன் பதவிக்குக் கீழே இருக்கக் கூடாது. கண்ணாடி இல்லாமல், வலது கண்ணுக்குத் தனியாக, இடது கண்ணுக்குத் தனியாக, தூரப்பார்வை 6/6, கிட்டப்பார்வை 0.5, ஸ்னெல்லன் (கண் பரிசோதனை எழுத்து அட்டை) அளவில் எண்ணாகவே எழுதியிருக்க வேண்டும். நார்மல், குட் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஏற்க மாட்டோம் என்று அறிவிக்கையிலேயே போட்டிருக்கிறான். நாம்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். டாக்டரைக் குறை சொல்லியும் பயனில்லை, நாளுக்கு இருநூறு பேரைப் பார்ப்பவர் அவர். அறிவிக்கையில் உள்ள மாதிரிப் படிவத்தையே பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள், வெறும் கையோடு போகாதீர்கள். கையெழுத்துக்குக் கீழே பெயர், பதவி, ஆபீஸ் சீல் மூன்றும் தெளிவாக விழுந்ததா என்று கவுன்டரிலேயே பாருங்கள். மை காய்ந்த சீலோடு வீட்டுக்கு வந்தால் இன்னொரு நாள் போச்சு.

முட்டி தட்டுவது, தட்டைப் பாதம், வேரிகோஸ் (காலில் நரம்பு சுருண்டு புடைப்பது), மாறுகண், நிறக்குருடு இருந்தால் தள்ளிவிடுவார்கள். முதல் இரண்டை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நேராக நின்று முட்டிகளைச் சேர்த்தால் கணுக்கால்களும் சேர வேண்டும். ஈரக்காலைச் சிமென்ட் தரையில் வைத்து எடுத்தால் உட்பக்கம் வளைந்த இடைவெளி தெரிய வேண்டும்.

அடுத்தது இனிஷியல். நம் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா ஆட்களுக்கு இது பிறவி நோய். ஸ்கூலில் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து, ஆதாரில் முன்னால் இரண்டு எழுத்து, ரேஷன் கார்டில் அப்பா பெயர் முழுசாக. பிஎஸ்சி புரொஃபைலில் பெயர் எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். மற்ற தாள்கள் மாறினால் வில்லேஜ் ஆபீசரிடம், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சொல்லும் "ஒன் அண்ட் தி சேம்" சர்ட்டிஃபிகேட் வாங்க வேண்டும். அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) அதற்கு விண்ணப்பம் போட்டபோது அங்கிருந்த அக்கா, "தம்பி, உன் பேரு எந்தெந்தத் தாள்ல எப்படி இருக்குன்னு எழுத்து மாறாம அடிக்கச் சொல்லு, இல்லைன்னா திருப்பி அனுப்பிருவாங்க" என்றார். அப்படியே அடித்துக் கொடுத்தும், வில்லேஜ் ஆபீசில் கிடைத்த பதில் "நாளெ வரூ", நாளைக்கு வா. மூன்று நாள் அந்த நாளெ. தமிழில் எழுதிக் கொடுத்த மனுவை அந்த கிளார்க் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் எரிகிறது. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் அரசு ஆபீசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே சொல்லிவிட்டது. உரிமையைக் கேளுங்கள், ஆனால் கடைசி தேதி நெருங்கினால் மலையாளத்தில் நாலு வரி எழுதி வேலையை முடித்துவிடுங்கள். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பிஎஸ்சி தளத்தில் புரொஃபைல் தொடங்கும் ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன் சுலபம். போட்டோவின் அடியில் பெயரும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எல்லோரும் விழும் குழி. பரீட்சைக்கு முன் புரொஃபைலில் "கன்ஃபர்மேஷன்", அதாவது பரீட்சை எழுத வருகிறேன் என்ற உறுதி, கொடுக்கச் சொல்வார்கள். அந்தத் தேதிக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் ரத்து, ஹால் டிக்கெட்டே வராது. எஸ்எம்எஸ் வரும் என்று காத்திருக்க வேண்டாம், வாரம் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். வினாத்தாள் மொழி தமிழ் என்று இருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபாருங்கள். 100 கேள்வி, தப்பான விடைக்கு மூன்றில் ஒரு மார்க் போகும்.

உயரம் 165 செ.மீ., எஸ்சி எஸ்டிக்கு 160. விளிம்பில் இருப்பவர்கள் முந்தின இரவு நன்றாகப் படுத்துத் தூங்கிவிட்டு, காலையில் சீக்கிரம் அளவு கொடுங்கள். நாள் முழுக்க நின்றால் முதுகெலும்பு அமுங்கி ஒரு செ.மீ. வரை குறையும். மார்பு 81, விரித்தால் 5 செ.மீ. கூட வேண்டும். டேப்பைக் கண்டதுமே மூச்சை இழுத்து நிமிர்ந்து நிற்கிறார்கள், பிறகு விரிக்க மிச்சம் எங்கே இருக்கும்? முதல் அளவுக்கு மூச்சை முழுக்க விட்டுத் தளர்வாக நில்லுங்கள்.

உடல்திறனில் எட்டில் ஐந்து தேற வேண்டும். 100 மீட்டர் 14 நொடி, 1500 மீட்டர் 5 நிமிடம் 44 நொடி, உயரம் தாண்டல் 132.20 செ.மீ., நீளம் தாண்டல் 457.20, குண்டு 7.264 கிலோ 609.60 செ.மீ., கிரிக்கெட் பந்து 60.96 மீட்டர், கயிறு ஏறுவது 365.80 செ.மீ. கையால் மட்டும், புல் அப் 8. இந்த விசித்திரமான தசமங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பழைய அடிக்கணக்குதான்: நீளம் 15 அடி, குண்டு 20, பந்து 200, கயிறு 12. மைதானத்தில் அடியால் அளந்து பழகுவது சுலபம்.

எட்டையும் பழகாதீர்கள். ஆறைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்று கைகொடுக்காவிட்டாலும் ஐந்து நிற்கும். 100, நீளம், கயிறு, புல் அப், குண்டு என்பது என் கணக்கு, ஆறாவதாக உயரம். பந்து எறிவதை நம்பி வருகிறவர்கள் தென்னந்தோப்பில் ரப்பர் பந்து எறிந்து பழகியிருப்பார்கள், தோல் பந்தின் எடையில் தோள் இழுத்துக்கொள்ளும். 1500ஐ நம்பினால் அதே நாளில் மற்றவற்றுக்குக் கால் இருக்காது. கயிற்றில் காலைச் சுற்றிப் பழகியிருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், கை மட்டும்தான் கணக்கு. புல் அப்பில் தாடை கம்பிக்கு மேலே வராததை எண்ண மாட்டார்கள்.

நீச்சலில்தான் நம் பக்கத்துப் பையன்கள் ஏமாறுகிறார்கள். 50 மீட்டர் 2 நிமிடம் 15 நொடியில், அதுபோக ஆழமான பக்கத்தில் 2 நிமிடம் மிதக்க வேண்டும். சுரைக்குடுவை கட்டிக் கிணற்றில் பழகியவனுக்கு நீச்சல் தெரியும், ஆனால் கிணற்றின் அகலம் பத்து மீட்டர்கூட இல்லை. நாலு கை போட்டால் படிக்கட்டு. தலையைத் தூக்கியே நீந்துவதால் கால் கீழே போய், முப்பது மீட்டரில் மூச்சு முட்டும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்கப் பழக வேண்டும். 25 மீட்டர் குளமென்றால் ஒரு திருப்பம் உண்டு, சுவரைத் தொட்டுக் காலால் உதைத்துத் தள்ளுங்கள், தொட்டுவிட்டு நிற்காதீர்கள்.

மிதப்பது அதைவிடக் கஷ்டம், ஒல்லியான ஓட்டக்காரனுக்கு இன்னும் கஷ்டம், கால் கல்லாக இறங்கும். மல்லாந்து, கைகளைத் தலைக்கு மேலே தண்ணீருக்குள்ளேயே நீட்டினால் கால் எழும். நுரையீரலை எப்போதும் முக்கால்வாசி நிரப்பி வைத்து, விட்டதும் உடனே இழுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாளாவது குளத்துக்குக் காசு கட்டிப் பழகுங்கள், குளோரின் தண்ணீரில் கண் திறக்கவும் பழக்கம் வேண்டும். தொளதொள டிரவுசர் வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் எழுதலாமா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலரோடு சேர்த்துத்தான் தீயணைப்பாளர் தேர்வு. அங்கே பத்தாம் வகுப்பு போதும், கேரளத்துக்கு பிளஸ் டூ வேண்டும். ஆனால் அங்கே உயரம் 170, எஸ்சி எஸ்டிக்கு 167. கேரள முகவரியில் வாங்கிய ஜாதிச் சான்றுக்கு அங்கே இடஒதுக்கீடு கிடையாது, பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். இதைத் தெரியாமல் கோச்சிங்குக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு.

பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ போஸ்டரையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதவிக்கு அந்தச் சான்று தகுதியே இல்லை. பிஎஸ்சி கேட்பது பிளஸ் டூதான், தீயணைப்பை வேலையில் எடுத்த பிறகு திருச்சூர் விய்யூரில் உள்ள தீயணைப்புத் துறை அகாடமியில் அவர்களே கற்றுத் தருவார்கள். தனியார் கம்பெனி வேலைக்காகப் படிப்பதென்றால், பணம் கட்டும் முன் அந்தச் சான்றில் கையெழுத்துப் போடுவது எந்த அரசு போர்டு என்று கேளுங்கள். "நேஷனல்" என்று பெயரில் இருப்பதால் அது நாக்பூர் நேஷனல் ஃபயர் சர்வீஸ் காலேஜ் ஆகிவிடாது. அந்தக் காலேஜின் சப் ஆபீசர் கோர்ஸுக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பஸ் ஸ்டாண்டு மாடியில் சீட் கொடுக்க மாட்டார்கள்.