32 கிலோபைட்டுக்குள் தமிழ் எழுத்து

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் மைதானத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது கணினி அறை. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

பள்ளிகளில் கணினி கற்பிக்க மத்திய அரசு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிக்கு வந்தவை பிபிசி மைக்ரோ கணினிகள். பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் அவற்றை 1981இல் வெளியிட்டது. செருப்பைக் கழற்றினால்தான் உள்ளே அனுமதி. கோயிலுக்கு அடுத்தபடியாக அந்தக் கட்டுப்பாடு அங்கேதான்.

2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 செயலி, 32 கிலோபைட் நினைவகம். அந்த நினைவகம் செயலியைப் போல இருமடங்கு வேகத்தில் இயங்கி, ஒரு முறை செயலிக்கும் மறுமுறை திரைக்கும் மாறி மாறி இடம் கொடுக்கும். படம் காட்டுவதற்காகக் கணக்கு தாமதப்படாது. இன்று நினைத்தாலும் அழகான ஏற்பாடு!

திரைக்கும் நிரலுக்கும் அந்த 32 கிலோபைட்தான் பொது. மோட் 7 என்ற திரை வகை ஒரே ஒரு கிலோபைட்டோடு திருப்தியடையும். ஆனால் அதில் புதிய எழுத்துகளை வரைய முடியாது. மோட் 0 வரைய விடும். 20 கிலோபைட்டை விழுங்கிவிடும். தமிழில் பெயர் எழுத ஆசைப்பட்ட நாங்கள் 10 கிலோபைட் கேட்கும் மோட் 4இல் சமாதானமானோம்.

கட்டம் போட்ட நோட்டில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளில் எழுத்தை வரைவோம். ஒவ்வொரு வரிசையும் ஓர் எண். எட்டு எண்களை 'விடியு 23' கட்டளைக்குக் கொடுத்தால் திரையில் எழுத்து வரும். 'ட' வாய் திறக்காமல் அடங்கும். 'ணை' இரண்டு கட்டத்துக்கும் முரண்டுபிடிக்கும். சாதாரணமாகக் கிடைத்ததோ 224 முதல் 255 வரை 32 இடங்கள். நம்மிடம் 247 எழுத்துகள். கொம்பையும் காலையும் தனியே வெட்டி ஒட்டித்தான் சமாளித்தோம். பாடத்திட்டத்தில் இதெல்லாம் இல்லை. நான் கற்றது இதைத்தான்.

இரண்டாவது செயலியைச் சேர்ப்பதற்கென்றே 'ட்யூப்' என்ற இணைப்பும் அந்தக் கணினியின் அடிப்பக்கத்தில் இருந்தது. ஏக்கார்னின் பொறியாளர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் செயலிச் சில்லு 1985 ஏப்ரலில் வந்தபோது, அதை பிபிசி மைக்ரோவின் இரண்டாவது செயலியாக இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் அனுப்பும் கைப்பேசிகளில் ஓடுவது அந்த வம்சத்துச் செயலிதான். நம் பள்ளியில் அந்த இணைப்பில் யாரும் எதையும் செருகிப் பார்த்ததில்லை.