கடைசி விலை எவ்வளவு அண்ணை?

பழைய கொம்பியூட்டரை விற்கலாம் என்று பேஸ்புக்கில் 90,000 ரூபாவுக்குப் போட்டேன். பத்து நாளாக வந்தது ஒரே கேள்விதான்: "கடைசி விலை எவ்வளவு அண்ணை?" சாமானைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, கிளிநொச்சியில் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. இப்படிக் கேட்கிற ஆட்கள் வாங்குவதில்லை, பொழுதுபோகாமல் கேட்கிறார்கள் என்று இப்போது தெரியும். அப்போது ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

90,000 எப்படி வந்தது? நான் வாங்கினது 1,35,000, மூன்று வருடம் பாவித்தாயிற்று, ஒரு நாற்பத்தைந்தைக் கழிப்போம் என்று போட்ட கணக்கு. அதில்தான் பிழை. நான் வாங்கினது 2022 ஜூனில். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதமே 360ஐத் தொட்டிருந்தது. வெளியிலிருந்து வருகிற சாமான் எல்லாம் நெருப்பு விலை. பிறகு டொலர் 300 பக்கம் இறங்கிவிட்டது, நான் மட்டும் 360இலேயே நின்றுகொண்டு விலை சொல்லியிருக்கிறேன்.

அதோடு அதிலிருந்த கிராபிக்ஸ் காட் ஆர்எக்ஸ் 580. எதீரியம் என்ற இணையக் காசைக் கொம்பியூட்டரைக் கணக்குப் போடவிட்டுச் சம்பாதிப்பதைத் தோண்டுவது, மைனிங் என்பார்கள்; அப்படித் தோண்டின ஆட்கள் விரும்பி வாங்கின காட். 2022 செப்டெம்பரில் எதீரியம் முறையை மாற்றினதும் தோண்டல் நின்றது, தோண்டின காட்டுகள் எல்லாம் உலகம் பூராகச் சந்தைக்கு வந்து கொட்டுப்பட்டன. நான் அதற்கு மூன்று மாதம் முன்னால் முழு விலை கொடுத்து வாங்கிவிட்டேன். என்ர யோகம் அப்படி.

சரி, விலையை எப்படிப் பிடிப்பது? விளம்பரத் தளத்தில் மற்றவர்கள் போட்ட விலையைப் பார்த்தால் போதாது, அது அவர்களுடைய ஆசை. நான் அதே மாதிரிச் சாமான் ஏழெட்டைக் குறித்து வைத்து இரண்டு கிழமை பார்த்தேன். அசையாமல் கிடந்தவை எல்லாம் யாரும் கொடுக்காத விலை. நாலு நாளில் காணாமல் போனவைதான் உண்மையான விலைக்குக் கிட்ட நின்றவை.

பிறகு பிரித்து விற்க முடிவெடுத்தேன். பக்கப் பலகையைக் கழற்றினால் உள்ளே ஏ9 வீதிப் புழுதி விரல் தடிப்பில், பவர் சப்ளை மூலையில் இரண்டு பல்லி முட்டை. பெயின்ற் அடிக்கிற தூரிகையால் ஒரு பின்னேரம் முழுக்கத் தட்டினேன். துடைத்த பிறகு எடுத்த படத்துக்கு அழைப்புகள் வந்தன, முன்னர் போட்ட படத்துக்கு ஒன்றுகூட வரவில்லை.

காட்டை எடுத்தது அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படிக்கிற ஒரு தம்பி. முதல் கேள்வியே, "மைனிங்கில ஓடின காட்டோ?" நான் வாங்கினதும் பாவித்த சாமான்தான், எனக்கு முன்னால் யார் வைத்திருந்தது என்று தெரியாது, அதை அப்படியே சொன்னேன். காட்டை முழுப் பாரத்தில் ஓட்டிச் சோதிக்கிற பேர்மார்க் மென்பொருளை இருபது நிமிடம் ஓடவிட்டு, வெப்பம் 78 பாகையில் நிற்பதை வீடியோ எடுத்து அனுப்பினேன். அடுத்த நாளே நண்பனையும் கூட்டிக்கொண்டு வந்து 22,000 எண்ணித் தந்தான்.

ராம், அதாவது மெமரி, ஒன்றைத் தனியாகப் போட்டேன், 8 ஜிபி டிடிஆர்4, 5,000. அரை மணித்தியாலத்தில் ஐந்து அழைப்பு. மெமரி செய்கிற கம்பனிகள் செயற்கை நுண்ணறிவுக்காரர்களின் சேர்வர்களுக்குக் கூடுதலாகத் திருப்பியதால் ராம் விலை ஏறிக்கொண்டிருந்தது என்பதைப் பிறகுதான் வாசித்தேன். சொன்ன சொல்லை மாற்றவில்லை, முதல் ஆளுக்கே கொடுத்தேன். வயிறு எரிந்ததுதான்.

மிச்சப் பெட்டி, இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 6500 புரொசசரோடு, புதுக்குடியிருப்பில் கொமினிகேசன் நடத்துகிற ஒரு அண்ணையிடம் 28,000க்குப் போனது. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறாது, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது என்று முதலே சொன்னேன். "தம்பி, போட்டோக்கொப்பி அடிக்கிற கடைக்கு என்னத்துக்குப் பதினொன்று?" என்றார். என்றாலும் வழமையான பாதுகாப்பு அப்டேற் இனி வராது, அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதேயுங்கோ என்று சொல்லி அனுப்பினேன். மோட்டார் சைக்கிள் சீற்றில் பழைய சேலையை விரித்து, சைக்கிள் ரியூப்பால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டு பரந்தன் பக்கம் போனார்.

ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்கவில்லை. சும்மா போர்மட் அடித்து அழித்தாலும் வாங்கினவர் படங்களைத் திரும்ப எடுக்கலாம், அது ஒன்று. மற்றது, 2009 யுத்தத்தில் அல்பம் எல்லாம் விட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஸ்கான் பண்ணி அனுப்பின அம்மாவின் கலியாணப் படங்கள் முதலில் இறங்கினது அந்த டிஸ்க்கில்தான்.

இடையில் ஒருவர், பார்க்காமலே முழுக் காசும் போடுகிறேன், போனுக்கு வருகிற ஓடீபீயைச் சொல்லுங்கோ என்றார். காசு வருவதற்கு எதற்கு ஓடீபீ? அவருடைய நம்பரைத் தடுத்துவிட்டேன்.

மொனிட்டர் மட்டும் இன்னும் மேசையில் கிடக்கிறது. 19 இஞ்சி, வலது மூலையில் ஒரு செத்த புள்ளி, வெள்ளைத் திரையில் மட்டும் தெரியும். 6,000. கடைசி விலை கேட்கப் போகிறவர்களுக்கு, 5,500.